வர்ணம் பூசிய ரம்பம்

ரம்பத்தின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தபோது கம்பி மாமா சம்பந்தி வீட்டு முன்னறையில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தார். குடிக்கவில்லை. டம்ளரைத் திரும்ப வைத்தார். வைத்த வேகத்தில் காபி தளும்பி மேசை விரிப்பில் கொட்டியது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

"அது யார் மெஷின்?" என்றார்.

"நம்மளுதுதான் சம்பந்தி," என்றார் சம்பந்தி, முகமெல்லாம் பூரிப்பாக. "புத்தம் புதுசு. பெட்டியோட வந்து இறங்கிச்சு. பக்கத்து மனையை வாங்கினோம் இல்லையா, அங்க நிக்கிற மரத்தையெல்லாம் நானே அறுக்கிறேன்னு உங்க மாப்பிள்ளை ஒத்தைக் கால்ல நின்னார். சரி, ஆசைப்படுறாரேன்னு ஒண்ணு வாங்கிட்டேன். சத்தத்தைக் கேளுங்க! புலி உறுமுற மாதிரி இல்ல?"

கம்பி மாமாவுக்கு அது புலியாகக் கேட்கவில்லை. தன் பிள்ளை அடுத்த தெருவில் நின்று அழுவதைப் போலக் கேட்டது.

அவருடைய பெயர் கம்பி அல்ல. அறுபதைத் தாண்டியும் வளையாத முதுகைப் பார்த்துத் தெருக்காரர்கள் வைத்தது அது. எந்த நாற்காலியிலும் அவர் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. தொழில், பழைய சங்கிலி ரம்பங்களுக்கு உயிர் கொடுப்பது. காயலான் கடையிலும், மூடிப்போன மரக் கிடங்குகளிலும், எஞ்சின் இறுகிப்போய் மூலையில் கிடக்கும் மெஷின்களைத் தேடிப் பிடித்து வாங்கி வருவார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் வைத்து ஒவ்வொரு திருகாகக் கழற்றுவார். கீறல் விழுந்த பிஸ்டனை மாற்றுவார், சிலிண்டரைத் தேய்த்துக் கண்ணாடியாக்குவார். அதோடு விடமாட்டார். கம்பெனிக்காரன் அடக்கி வைத்த எஞ்சினை அவர் கொஞ்சம் அவிழ்த்து விடுவார். புகை வெளியேறும் வாயை மயிரிழை அகலமாக்குவார். சைலன்சரின் பக்கவாட்டில் இன்னொரு வாய் திறப்பார். அப்படித் திறந்த மெஷின் சும்மா ஓடும்போது ஒரு சின்ன விக்கல் விக்கும். விசையை அழுத்தினால் விக்கல் மறைந்து தொண்டையைத் திறந்து பாடும். மரம் அறுக்கும் தொழிலில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, "இது கம்பி மாமா கை" என்று சொல்லிவிடுவார்கள்.

புது மெஷின் விக்காது. சம்பந்திக்கு அவர் மெஷின் எதுவும் விற்கவும் இல்லை.

அவர் எழுந்தார். எதிரே உட்கார்ந்திருந்த மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி, கொட்டகையில் அவரோடு வேலை பார்ப்பவன், வாயில் இருந்த பிஸ்கெட்டை மெல்லாமல் நிறுத்தினான்.

"அத்தான், காபி ஆறுது. உட்காருங்க. மரம் எங்கேயும் ஓடிப் போயிடாது."

"சம்பந்தி, இந்த மெஷினை எங்க வாங்கினீங்க?"

"என்ன கேள்வி இது! உங்க மச்சினர்தான் கம்பெனியில பேசி எடுத்துக் கொடுத்தார். உங்ககிட்ட சொல்லலையா? நீங்க பழசுதான் செய்வீங்க, புதுசுக்கு நான்தான்னார். பெரிய ஆள்தான் போங்க."

மச்சினன் சிரித்தான். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றதைக் கம்பி மாமா பார்த்தார். அதற்குள் சுவருக்கு அப்பால் விக்கல் நின்று, எஞ்சின் தொண்டையைத் திறந்தது. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார்.

அவர் ஏன் அப்படி ஓடினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கோ மரம் சாய்ந்து நசுக்கிய ஒரு ரம்பம் போன மழைக்காலத்தில் அவர் கொட்டகைக்கு வந்தது. எஞ்சின் தங்கம். ஆனால் அதைத் தாங்கும் வார்ப்பு உடம்பில் ஒரு விரிசல் இருந்தது. சங்கிலி ஓடும் நீளமான தகட்டுக்குப் பார் என்று பெயர். அந்தப் பாரைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டின் அடியில் தொடங்கி, பிரேக் பிடி பொருந்தும் காது வரை விரிசல் போயிருந்தது. கம்பி மாமா விரிசலை வெல்டிங்கில் பற்றவைத்துப் பார்த்தார். அந்த வார்ப்பு முரட்டு உலோகம், பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விட்டுக்கொண்டது. கொட்டகைக் கட்டையில் ஒரே அறுப்பு அறுத்துப் பார்த்துவிட்டு, "இது போச்சு" என்று உடம்பின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டுச் சுவரில் மாட்டினார். எஞ்சினைக் கழற்றவில்லை. கழற்றி அலமாரியில் வைத்தால் தூசி ஏறும், துரு ஏறும். அதே மாடலில் நல்ல உடம்பு ஒன்று கிடைக்கும் வரை இந்த உடம்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். போதாக்குறைக்கு, கை சும்மா இராமல், அந்த எஞ்சினின் வாயையும் அகலமாக்கி வைத்திருந்தார். செத்த உடம்புக்குள் இரட்டைப் பலத்தோடு ஓர் எஞ்சின். சங்கிலி ஓடும்போது அந்த உடம்பு விட்டால் பார் பிடுங்கிக்கொண்டு வரும். பிரேக்கும் அதே துண்டோடு போய்விடும். பிறகு முகமா, கழுத்தா, தொடையா என்பது ரம்பத்தின் இஷ்டம்.

சில வாரங்களுக்கு முன்னால் சுவரில் அந்த ஆணி காலியாக இருந்தது. "காயலான் கடைக்காரன் வந்தான் அத்தான், மத்த குப்பையோட சேர்த்து அள்ளிக் கொடுத்துட்டேன்" என்றான் மச்சினன். எஞ்சினைக் கழற்றாமல் கொடுத்தாயே என்று அவனை அன்றைக்கு ஒரு பாட்டம் திட்டினார். அதோடு மறந்துவிட்டார்.

மனையில் ஒரு பெரிய மரம் ஏற்கனவே சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் மாப்பிள்ளை காலை அகட்டி நின்று ரம்பத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். பளபளவென்று ஆரஞ்சு நிறம். மேல் மூடியில் வெள்ளை ஸ்டிக்கர். மகள் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பாரின் நுனியை மரத்தின்மேல் இறக்கப் போனார். நுனியில் வைத்தால் ரம்பம் துள்ளும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"டேய்! நிறுத்துடா!"

மனை முழுக்க அந்தக் குரல் போய் மோதியது. மாப்பிள்ளை திடுக்கிட்டு விசையை விட்டார். எஞ்சின் இரண்டு விக்கு விக்கி அணைந்தது.

கல்யாணமான நாளிலிருந்து கம்பி மாமா அவரை "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்பதிலிருந்து இறங்கி ஒரு வார்த்தை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. மாப்பிள்ளையின் காது நுனி வரை சிவந்தது.

"என்னையா மாமா சொன்னீங்க?"

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த சம்பந்தியும் கேட்டிருந்தார். "சம்பந்தி! யாரைப் பார்த்து டா போட்டீங்க? உங்க கொட்டகையில வேலை பார்க்கிற ஆள்னு நினைச்சீங்களா? நான்கூட என் பையனை மத்தவங்க எதிரே அப்படிக் கூப்பிட மாட்டேன்."

கம்பி மாமா மாப்பிள்ளையின் கையிலிருந்த ரம்பத்தை வாங்கினார். வாங்கினார் என்ன, பிடுங்கினார். பக்க மூடிக்கும் உடம்புக்கும் நடுவே விரலை நுழைத்துத் தடவினார். வழவழப்பான வர்ணத்துக்கு அடியில் புழு ஊர்ந்தாற்போல ஒரு மேடு. அவர் கையால் வைத்த பற்று. கண்ணை மூடிக்கொண்டே அதன் நீளத்தைச் சொல்லுவார்.

அவருடைய வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சரிசெய்த மெஷினுக்கு வர்ணம் பூசுவதில்லை. கீறல் கீறலாக, வெளுப்பு வெளுப்பாக, அப்படியேதான் விற்பார். "பூசினா விரிசல் மறையும். வாங்குறவனுக்கு அதோட வயசு தெரியணும்" என்பார். வாங்க வருபவனை எதிரே நிறுத்தி, முதல் அறுப்பைத் தானே அறுத்துக் காட்டிய பிறகுதான் கொடுப்பார். அந்த வழக்கத்தை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். அந்த வீட்டிலிருந்து, அவர் மகள் வாழும் வீட்டுக்கு, இது வந்திருக்கிறது.

சம்பந்தி வீட்டு அடுக்களையில் இருந்த அவர் மனைவியும் சத்தம் கேட்டு வந்து சேர்ந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கொஞ்சம் பின்தங்கி வந்த தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்.

"ஏங்க, எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம். நம்ம பொண்ணு இங்க வாழணும். நாலு வார்த்தையை முழுங்குங்க."

முழுங்கினார். மானமுள்ள மனுஷன் மகளுக்காக எதையும் ஒருமுறை முழுங்கிப் பார்ப்பான்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. அவசரத்துல வாய் தவறிடுச்சு. இதுல கொஞ்சம் வேலை இருக்கு. நான் எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு, வேற ஒண்ணு அனுப்பி வைக்கிறேன்."

"புது மெஷின்ல என்ன வேலை?" என்றார் சம்பந்தி. "கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?"

அப்போது மச்சினன் முன்னால் வந்தான். ஆபத்து அரைவாசி தாண்டிவிட்டது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. சம்பந்தியின் தோளில் கையைப் போட்டான்.

"ஒண்ணுமில்ல மாமா, அத்தானுக்குப் புதுசுன்னாலே ஆகாது. எங்க அக்கா புதுத் துணி கட்டினாக்கூட, பழசு எங்கேன்னு கேட்கிற ஆளு. மெஷின் பளபளன்னு இருக்கிறதைப் பார்த்ததும் கை அரிக்குது. நாலு கீறல் போட்டாத்தான் தூக்கம் வரும்!"

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். சற்றுமுன் பட்ட அவமானத்தை அந்தச் சிரிப்பில் தீர்த்துக்கொள்கிறவரைப் போல, "கொடுங்க மாமா, நான் ஒரு அறுப்பு அறுத்துக் காட்டுறேன். அப்புறம் சொல்லுங்க என்ன வேலை இருக்குன்னு" என்று ரம்பத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார். ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நல்ல எஞ்சின், ஒரே இழுப்பில் பிடிக்கும்படி அதைச் செய்தவர் கம்பி மாமாதான்.

அவ்வளவுதான். முழுங்கியதெல்லாம் மேலே வந்துவிட்டது. கம்பி மாமா நேராகப் போய், சாய்ந்து கிடந்த மரத்தின்மேல், மாப்பிள்ளை அறுக்கப் போன அதே இடத்தில், வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கேயும் முதுகு வளையவில்லை.

"அறுங்க மாப்பிள்ளை. என்னை அறுத்துட்டு அப்புறம் மரத்தை அறுங்க."

"அப்பா!" என்று மகள் கத்தினாள்.

மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தார். அவருக்கு இப்போது கோபத்தைவிடக் குழப்பம் அதிகமாகியிருந்தது. "என்னதான் மாமா உங்க பிரச்சனை? வாயைத் திறந்து சொல்லுங்க."

"பெட்டியில ஒரு ஸ்பேனர் வந்திருக்கும். கொண்டா." இதை மகளிடம் சொன்னார்.

அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். மாப்பிள்ளையிடமிருந்து ரம்பத்தை வாங்கி, பக்க மூடியைப் பிடித்திருந்த இரண்டு நட்டையும் கழற்றி மூடியைப் புல்லில் போட்டார். மடக்குக் கத்தியை எடுத்து வர்ணத்தைச் சுரண்டினார். ஆரஞ்சு தோல் தோலாக உரிந்தது. அடியில் கறுத்துப்போன பற்று. பற்றுக்குப் பக்கத்தில், பொடி எறும்புகள் வரிசை பிடித்தது போல விரிசல்.

"வாங்க சம்பந்தி. கிட்ட வந்து பாருங்க. இந்தப் பற்று நான் வெச்சது. இந்த மெஷின் என் கொட்டகையில செத்துப்போனது. சுவத்துல மாட்டி வெச்சிருந்தேன். மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியும் ஸ்டிக்கரும்தான் புதுசு. உங்க பையன் நுனியை மரத்துல வெச்சிருந்தா, இந்த உடம்பு ரெண்டாப் போயி, ஓடுற சங்கிலியோட இந்தத் தகடு அவர் மூஞ்சிக்கு வந்திருக்கும்."

சம்பந்தி குனிந்து பார்த்தார். துணிக்கடை வைத்திருப்பவர், மெஷினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே இற்றுப்போனதை மேலே மடித்து மறைத்து வைத்தால் எப்படி இருக்கும் என்பது நன்றாகவே தெரியும். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. மச்சினனைப் பார்த்தார்.

"நீங்க கம்பெனியில எடுத்ததுன்னு சொன்னீங்க."

"அத்தான் எதையோ நினைச்சுக்கிட்டுப் பேசுறார் மாமா. கம்பெனியிலயே சில சமயம் பற்று வெச்சு…"

"வாயை மூடு," என்றார் கம்பி மாமா. "கம்பெனிக்காரன் என் கையால பற்று வைக்க மாட்டான். பெட்டி எங்க பொறுக்கின? ஸ்டிக்கர் எங்க அடிச்ச?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பியிருந்தாள். இனி ஒளிய இடமில்லை என்றானதும் அவனுக்கும் கோபம் வந்தது. பிடிபட்டவனுக்கு வரும் கோபம் எப்போதும் கொஞ்சம் சத்தமாகவே இருக்கும்.

"ஆமா, கொடுத்தேன்! புதுசு வாங்கித் தர்றேன்னு பெருமைக்குச் சொல்லிட்டேன், கம்பெனியில ஒருத்தனும் என்னை மதிக்கல. வெறுங்கையோட இவர் முன்னாடி வந்து நிக்கச் சொல்றீங்களா? எஞ்சின் நல்லாத்தான ஓடுது? விரிசல் எனக்கு என்ன தெரியும்? அவ்வளவு ஆபத்துன்னா நீங்க ஏன் அதை உடைக்கல? சுண்ணாம்புல ஒரு கோடு கிழிச்சுட்டா ஆச்சா? ஈரத் துணியால துடைச்சா போயிடுது உங்க கோடு! செத்ததைச் சுவத்துல மாட்டி அழகு பார்த்தது நீங்க. இப்ப நான் மட்டும் அயோக்கியனா?"

கம்பி மாமாவின் தாடை இறுகியது. அவன் சொன்னதில் இருந்த உண்மை அவரைக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அதைச் சொன்ன வாய் எது என்பதுதான் இன்னும் எரிந்தது.

"குறி போட்டேன்டா. அந்தக் குறிக்கு என்ன அர்த்தம்னு என் வீட்டுல சாப்பிட்டு வளர்ந்த உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் துடைச்ச."

பிறகு அவர் பார்வை மகள்மேல் போனது. பிறந்ததிலிருந்து அந்தக் கொட்டகைச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள். எந்த மெஷின் எந்த மனநிலையில் இருக்கிறது என்று அடுக்களையிலிருந்தே சொல்லுவாள்.

"இது விக்கினதை நீயும் கேட்டிருப்ப. புது மெஷின் விக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் தலை குனியவில்லை. அந்த வகையில் அப்பாவின் மகள்.

"கேட்டேன்பா. பெட்டியைப் பிரிச்சு முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினப்பவே கேட்டேன். நீங்கதான் உள்ள ஏதோ செஞ்சு, வெளிய சொல்ல வேண்டாம்னு நம்ம மாமாகிட்ட கொடுத்து அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சேன். உங்க கை பட்ட சத்தம். அதனாலதான் பயப்படல. நான்தான் இவரைத் தைரியமா அறுங்கன்னு சொன்னேன்."

இதைக் கேட்டதும் கம்பி மாமா மரத்திலிருந்து எழுந்தார். அதுவரை அவருக்கு இருந்ததெல்லாம் கோபமே அல்ல என்று சொல்லும்படி ஒரு கோபம் அவர் முகத்தில் ஏறியது. தன் கையை நம்பித்தான் மகள் புருஷனின் கழுத்தை அந்த ரம்பத்தின் எதிரே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அந்தச் சத்தத்தை உண்டாக்க அவர் வாழ்நாளையே கொடுத்திருந்தார். அதைத் திருடி ஒருவன் பொய்க்கு மேல் ஒட்டியிருக்கிறான். ஸ்டிக்கரைக்கூட மன்னித்துவிடலாம். இதை மன்னிக்க முடியாது.

சுற்றுச்சுவர் வேலைக்காக வைத்திருந்த சம்மட்டி ஒன்று மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து வந்தார். ரம்பத்தை மரத்தின்மேல் படுக்க வைத்தார்.

"அத்தான், எஞ்சினையாவது கழட்டிக்கங்க! அது நல்ல எஞ்சின்!" என்று பதறினான் மச்சினன். ஒரு கணம் அவனுக்குள் இருந்த தொழில்காரன் பேசினான்.

கம்பி மாமா ஓங்கி அடித்தார். ஒரே அடி. வார்ப்பு பிஸ்கெட் போல விட்டது. பற்று வைத்த இடத்தை ஒட்டி, அவர் சொன்ன அதே வழியில் பிளந்து, பார் பாதி உடம்போடு தனியாகத் தெறித்து மாப்பிள்ளையின் காலடியில் விழுந்தது. அடுத்த அடி சிலிண்டருக்கு. அதற்கடுத்த அடியும் சிலிண்டருக்குத்தான். கண்ணாடி போலத் தேய்த்து வைத்திருந்த சிலிண்டர்.

மாப்பிள்ளை குனிந்து அந்தப் பாரைக் கையில் எடுத்தார். சங்கிலியின் பற்களை விரலால் தொட்டுப் பார்த்தார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

சம்பந்தி மெதுவாகத்தான் பேசினார். கத்தியிருந்தால் தேவலை.

"சம்பந்தி, என் கடையில நான் கிழிஞ்ச துணியை மடிச்சு, நல்லதை மேல வெச்சு உங்க பொண்ணுக்கு வித்திருந்தா, என்னை என்னன்னு சொல்வீங்க?"

"திருடன்னு சொல்வேன்."

"அப்ப இதுக்கு?"

"இதுக்கும் அதுதான் பேர். வித்தவன் என் வீட்டு ஆள். நீங்க ஊர் முழுக்கச் சொல்லிக்கலாம். யாராவது நிசமான்னு கேட்டா என்கிட்ட அனுப்புங்க, ஆமான்னு நானே சொல்றேன்."

"ஏங்க!" என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. "என் தம்பியை இத்தனை பேர் முன்னாடி…"

"உன் தம்பி இத்தனை பேர் முன்னாடி உன் மருமகனைக் கொல்லப் பார்த்தான்."

சம்பந்தி மச்சினனைப் பார்த்து வாசல் பக்கம் கையை நீட்டினார். "இனிமே நீங்க இந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது." பிறகு கம்பி மாமாவிடம் திரும்பினார். நன்றி சொல்ல மனம் வரவில்லை. வையவும் வாய் வரவில்லை. "நீங்க… எப்ப வேணாலும் வாங்க. ஆனா இன்னைக்கு வேண்டாம்" என்று முடித்துவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளை இன்னும் பாரைப் பிடித்தபடி நின்றார்.

"மாமா, என் அப்பா எதிர்ல என்னை அப்படிக் கூப்பிட்டதை நான் மறக்க மாட்டேன்."

"மறக்காதீங்க," என்றார் கம்பி மாமா. "மரியாதையாக் கூப்பிட்டிருந்தா உங்க காதுல விழுந்திருக்காது. அந்தத் தகட்டைக் கொடுங்க."

உடைந்த துண்டுகளை ஒன்று விடாமல் புல்லிலிருந்து பொறுக்கினார். திருகு, நட்டு, சங்கிலி, பிளந்த சிலிண்டர், எல்லாம். யாரோ ஒருவன் எடுத்து இன்னொன்றில் மாட்டிவிடக் கூடாது. மகள் உள்ளேயிருந்து ஒரு சாக்கு கொண்டுவந்து வாயைப் பிரித்துப் பிடித்தாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே சாக்கை நிரப்பினார்கள்.

"அப்பா, நான் கேட்டிருக்கணும்," என்றாள் அவள் கடைசியில்.

"கேட்டிருக்கணும்," என்றார் அவர். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் பாக்கியிருந்தது. எல்லாரும் மச்சினனின் வேனில்தான் வந்திருந்தார்கள். அவன் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கதவு திறந்திருந்தது. கம்பி மாமா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கதவைத் தாண்டி நடந்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"பஸ் ஸ்டாப்புக்கு."

"இந்தச் சுமையைத் தூக்கிக்கிட்டா? வயசு என்ன ஆகுது உங்களுக்கு?"

"அவன் வண்டியில என் கால் படாது. நீ உன் இஷ்டப்படி வா."

அவள் தம்பியின் வேனுக்கும் புருஷனின் முதுகுக்கும் நடுவே தெருவில் நின்றாள். தம்பி, "ஏறுக்கா" என்றான். ஏறிவிட்டாள். கதவை அடைத்த சத்தம் கம்பி மாமாவுக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வேன் அவரைக் கடந்து போனது. போகும்போது வேகத்தைக் குறைத்தது, பிறகு கூட்டிக்கொண்டது.

வெயில் சாயவில்லை. சாக்கிலிருந்து எண்ணெய் கசிந்து அவர் சட்டையில் இறங்கியது. பஸ் நிறுத்தத்துக்கு அவர் வந்தபோது, நிழற்கூரைக்குக் கீழே பெஞ்சின் ஒரு கோடியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். வேனைக் காணோம். அவர் மறு கோடியில் உட்கார்ந்தார். சாக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"உங்களுக்காக இறங்கல. அவன் வண்டியில உட்கார்ந்ததும் சிரிச்சான். 'அத்தான் ஒரு வாரத்துல சரியாகிடுவார்க்கா'ன்னான். அதுக்காக இறங்கினேன். உங்ககூட நான் பேசல."

"சரி."

"என் தம்பியைத் திருடன்னு சொன்னதுக்கு வீட்டுல உங்களைப் பார்த்துக்கிறேன்."

"பார்த்துக்க."

பஸ் வந்தது. ஏறும்போது கண்டக்டர் சாக்கைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்னய்யா, எண்ணெய் ஒழுகுது? என்ன மூட்டை அது?"

"குப்பை," என்றார் கம்பி மாமா.

"குப்பையை எதுக்கு பஸ்ல ஏத்துறீங்க? அப்படியே ஓரமாப் போட்டுட்டு ஏறுங்க."

கம்பி மாமா வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி ஒரு படி கீழே இறங்கி வந்து, சாக்கின் மறு நுனியைப் பிடித்துத் தூக்கினாள்.

"எங்க குப்பைய்யா அது. ஓரமாப் போட்டா யாராவது பொறுக்கிக்கிட்டுப் போயிடுவான். வழியை விடு."